ஆச்சிக்கு ஸ்பெஷல் பாட்டு

பெரிய அத்தை: பிள்ளைகளா, ஆச்சியுடைய 80க்கு ஸ்தோத்திர ஆராதனையில் என்ன ஸ்பெஷல் பாட்டு என்று சர்ச் ஐயர் கேட்கிறார். இன்றைக்கே சொல்ல வேண்டும்.

ஷீபா: பாயின்ட் ஆஃப் கிரேஸ் என்கிற அமெரிக்கப் பெண்கள் பாட்டுக் குழுவுடையது அத்தை. முதல் ஆல்பத்தில் வருமே, 'ஜீசஸ் வில் ஸ்டில் பி தேர்'.

நாசரேத் மாமா: இங்கிலீஷா? கீர்த்தனை ஒன்றும் கிடைக்கவில்லையா?

மதுரை சித்தி: அந்த கேசட் எங்களுடையது. வாங்கிப் போனவர்கள் இன்னும் தரவில்லை.

பெரிய அத்தை: இப்போது அது எதற்கு.

ஜெமி: எனக்கு அன்றைக்கு டூட்டி. மாற்றித் தர மாட்டார்கள். சாரி.

நான்ஸி: ஐயோ. அப்போ மூன்று பேரா?

டாலஸ் சித்தப்பா: அத்தான், இங்கிலீஷ் என்று தள்ளாதீர்கள். அர்கான்சாஸில் உவாச்சிட்டா பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்த நாலு பிள்ளைகள், டெனிஸ், ஹெதர், டெரி, ஷெல்லி, 1991இல் சேர்ந்து பாட ஆரம்பித்து 1993இல் வேர்ட் என்ற ரெக்கார்ட் கம்பெனி மூலம் அந்த முதல் ஆல்பத்தைக் கொண்டு வந்தார்கள், அதிலிருந்தே 6 பாட்டு அங்கே கிறிஸ்தவ ரேடியோவில் முதலிடத்துக்கு வந்தது. இந்தப் பாட்டை எழுதிய இருவரில் ராபர்ட் ஸ்டெர்லிங் ஒருவர், ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவர்தான். சரணத்தில் ஒரு குரல் தனியாக முன்னால் நிற்கும், பல்லவி வரும்போது மற்றவர்கள் வந்து சேர்வார்கள், அந்த இடத்தில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்ச் சுருதிக் குரல், அடியில் நின்று தாங்க வேண்டும். யார் விட்டுப்போனாலும் இயேசு இருப்பார் என்பதுதான் பாட்டே. அப்பா போன பிறகு அம்மா இதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

ஷீபா: ஆமாம் 🙏

நாசரேத் மாமா: சரி. மத்தியானம் மட்டனா, சிக்கனா?

பெரிய அத்தை: மட்டன். பாட்டு முடியட்டும் முதலில்.

நான்ஸி: மூன்று பேர் பாடினால் நன்றாக இருக்குமா சித்தப்பா?

டாலஸ் சித்தப்பா: தாராளமாக. டெரி குழுவை விட்டு விலகிய பிறகு 2004இல் லீ வந்தார், 2008இல் ஹெதர் விலகியபோது அந்த இடத்துக்கு யாரையும் சேர்க்காமல் மூன்று பேராகவே தொடர்ந்தார்கள். ஆனால் முதல் ஆல்பம் நாலு குரலுக்கு அமைத்தது. ஆல்டோ மட்டும் போகக் கூடாது, ஜெமிதானே அதைப் பாடுவாள்?

ஜெமி: நான்தான் 😢

மதுரை சித்தி: எங்கள் ப்ரீத்தி மூன்று வருடமாக சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோதான் பாடுகிறாள். கல்யாணத்தின் போதும் அவளை யாரும் கூப்பிடவில்லை.

பெரிய அத்தை: அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை என்று நீதானே சொன்னாய்?

மதுரை சித்தி: மைனி, நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஷீபா: ப்ரீத்தி, வா ப்ளீஸ். உனக்கு மேல் சுருதி வேண்டாம், ஆல்டோதான்.

ப்ரீத்தி: ட்ராக் இருந்தால் அனுப்புங்கள் அக்கா. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ஜெமி: என் பார்ட் மட்டும் பாடி வாய்ஸ் நோட் அனுப்புகிறேன் ப்ரீத்தி. இரண்டாவது பல்லவிக்கு முன்னால் மூச்சு எடுத்துவிடு, அப்புறம் இடமே கிடைக்காது.

ப்ரீத்தி: ❤️

நாசரேத் மாமா: ஒரு கீர்த்தனையும் இருக்கட்டும். ஊர்க்காரர்கள் சேர்ந்து பாட வேண்டும் அல்லவா.

பெரிய அத்தை: இரண்டு பாட்டு என்றால் ஐயர் நேரம் பார்ப்பார். கேட்டுப் பார்க்கிறேன்.

டாலஸ் சித்தப்பா: அக்கா, முழுப் பாட்டும் பாட விட வேண்டும். பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நாசரேத் மாமா: மட்டன் எத்தனை கிலோ சொல்ல?