பாலிசிக்ஸ் 367 போர்டு பேட்டரி கசிந்து அரித்துவிட்டது, புது பிசிபி (சர்க்யூட் போர்டு) போடலாமா?

கிருஷ்ணகிரி கீபோர்டு:
மாமா மெல்லிசைக் குழு நடத்திய காலத்தில் வாங்கிய கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசர் கீபோர்டு இப்போது என்னிடம் இருக்கிறது. 1981-ல் வந்த மாடல். அரூர், பென்னாகரம் பக்கம் மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி என்றால் இதுதான் மேடையேறும். இப்போது ஆன் செய்தால் புரோகிராம் தானாக மாறுகிறது, சில நோட்டு கையை எடுத்த பிறகும் விடாமல் கத்துகிறது. திறந்து பார்த்தால், சவுண்டுகளை நினைவில் வைக்கும் கேஎல்எம்-367 போர்டில் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து சுற்றிலும் பச்சை பூத்திருக்கிறது, டிராக் எனும் செம்புக் கோடெல்லாம் கறுத்துவிட்டது, ஒரு ஐசியின் கால் தொட்டாலே உதிர்கிறது. ஸ்கேன் செய்து அப்படியே வரைந்து வீட்டிலேயே செம்பை அரிக்கிற ஃபெரிக் குளோரைடில் போட்டு புது போர்டு எடுக்கலாமா? விற்கிற எண்ணமே இல்லை, இது மறுபடி பாட வேண்டும்.

ஓசூர்வாசி:
வீட்டில் வேண்டாங்க. ஐசி கால்களுக்கு நடுவே ஓடுகிற மெல்லிய டிராக் பிரிண்டை அயர்ன் பாக்ஸால் தேய்த்து செம்பில் ஒட்டுகிற முறையில் நிற்காது. போர்டு வரைகிற சாஃப்ட்வேர் கீகேட் இலவசம்தான், அதில் வரைந்து கெர்பர் ஃபைலை (போர்டின் வரைபட ஃபைல்) போர்டு செய்யும் கம்பெனிக்கு அனுப்பினால் துளை போட்டு, மேலே மாஸ்க் எனும் காப்புப் பூச்சு பூசி வந்துவிடும். ஸ்கேனை அளவுக்கு மட்டும் நம்புங்கள். ஸ்குரூ துளையும் கனெக்டரும் எங்கே என்பதை 600 டிபிஐ படத்திலிருந்து எடுங்கள், இணைப்பை மட்டும் சர்வீஸ் மேனுவல் சர்க்யூட்டிலிருந்து போடுங்கள், ஏனென்றால் அரித்துப்போன டிராக்கைப் பார்த்து வரைந்தால் அறுந்த இடமும் அறுந்ததாகவே வரும். அனுப்புவதற்கு முன் அதே அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டி, கனெக்டர் கால்களை அதில் குத்திப் பாருங்கள்.

பாலக்கோடு ரேடியோ:
தம்பி, அதெல்லாம் அப்புறம். முதலில் அந்த பேட்டரியை இன்றைக்கே வெட்டி எடுங்க. கசிந்தது காரம், இருக்க இருக்க தின்றுகொண்டே போகும். பிரஷ்ஷில் வினிகர் தொட்டுத் தேய்த்து, அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவுங்க. மைக்ரோகன்ட்ரோலர் ஐசிகளைக் கண்போல் பாருங்க, அதன் புரோகிராம் உள்ளேயே பதிந்தது, கடையில் வெறும் ஐசி வாங்கிப் போட்டால் வேலை செய்யாது. சால்டரை நன்றாக உறிஞ்சி எடுத்து, புது போர்டில் சாக்கெட் வைத்து மாட்டுங்க.

கிருஷ்ணகிரி கீபோர்டு:
சரி அண்ணா, இன்றைக்கே வெட்டிவிடுகிறேன். பேட்டரி இடத்தில் சிஆர்2032 லித்தியம் பட்டன் செல் போடலாமா?

பாலக்கோடு ரேடியோ:
போடலாம், ஆனால் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு இல்லாமல் போடவே கூடாது. அந்த சர்க்யூட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், லித்தியம் பட்டன் செல்லுக்கு அது ஆகாது, வெடிக்கவும் செய்யலாம். ஷாட்கி டையோடு ஒன்றைத் தொடராகப் போடுங்க, வோல்டேஜ் குறைவாகத்தான் விழும். மெமரியில் இருந்த 32 சவுண்டும் அழிந்திருந்தால் கவலை வேண்டாம், கேசட் ஜாக் வழியாகத் திரும்ப ஏற்றலாம்.

ஓசூர்வாசி:
சால்டர் செய்து முடித்ததும் ஃப்ளக்ஸ் எனும் சால்டர் பசையைச் சுத்தமாகக் கழுவுங்கள். சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள்தான் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கின்றன, பிசுக்கு வழியாகக் கசிந்தால் சுருதி நிற்காது. ஆர்டர் போட்டால் எப்படியும் குறைந்தது 5 போர்டு வரும், ஒன்றை எனக்கு வையுங்கள், பணம் தந்துவிடுகிறேன். என் பாலிசிக்ஸிலும் அதே இடத்தில் பச்சை தெரிகிறது.