அமெரிக்க கிரீன் கார்டு: திறமைக்கா, பிறந்த ஊருக்கா?

செக்காலை ரோடு:

அண்ணன் டல்லாஸில் இருக்கிறார். அழகப்பாவில் படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, 2011ல் எச்-1பி வேலை விசாவில் போனவர். 2016ல் கம்பெனி அவருக்கு கிரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கேட்டுப் போட்டது, ஐ-140 என்கிற கம்பெனி மனு அப்ரூவ் ஆகி அப்படியே கிடக்கிறது. அவர் டீமில் ஒரு நேபாளத்துக்காரர். அண்ணன்தான் இன்டர்வியூ செய்து எடுத்தார், இன்றும் அண்ணனுக்குக் கீழேதான் வேலை. அவருக்குக் கார்டு கைக்கு வந்துவிட்டது, வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

அப்பச்சி இதைக் கேட்டதிலிருந்து வெள்ளைக்காரனுக்கு நிறவெறி என்று ஆரம்பித்துவிட்டார். ஆனால் நேபாளத்துக்காரரும் நம்ம நிறம்தானே? அப்படியானால் இது என்ன கணக்கு? அமெரிக்காவில் திறமைக்குத்தான் மதிப்பு என்று காலேஜ் முழுக்கச் சொல்லித்தானே அனுப்பினார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

கோவிலூரான்:

நிறம் இல்லை தம்பி, பிறந்த நாடு. குடியுரிமைகூட இல்லை, பிறந்த இடம். உங்கள் அண்ணன் நாளைக்கே கனடா பாஸ்போர்ட் வாங்கினாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும்.

வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்ளேயே அடக்கம், ஆகவே வேலை பார்க்கிறவர்களுக்குப் பாதிகூடத் தேறாது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று 1990 சட்டத்தில் இருக்கிறது. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. கல்யாணத்தில் வீட்டுக்கு ஏழு இலை என்று போட்டால், அஞ்சு பேர் வந்த வீட்டில் இலை மிஞ்சும், ஐம்பது பேர் வந்த வீடு வாசலில் நிற்கும், அவ்வளவுதான். மேல்படிப்புத் தகுதி கேட்கும் வேலைகளுக்கான இபி-2 பிரிவில் சராசரி வருடத்தில் இந்தியாவுக்குச் சுமார் 2,800, மற்ற நாடுகள் எடுக்காமல் மிஞ்சினால் கொஞ்சம் கூட வரும்.

இதை மாற்ற முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019ல் கீழ்சபையில் ஒரு மசோதா நிறைவேறியது, 2020 டிசம்பரில் மேல்சபையில் அதன் வேறொரு வடிவம் நிறைவேறியது, இரண்டையும் ஒன்றாக்காமலே அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துபோனது. எதிர்த்தவர்களில் மற்ற நாட்டு விண்ணப்பதாரர்களும் உண்டு. உச்சவரம்பை எடுத்தால் பல வருடத்துக்கு எல்லாக் கார்டும் இந்தியர்களுக்கே போய்விடும் என்றார்கள். அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ரங்கூன் வளவு:

கோவிலூரான் சொன்னது சட்டம். உங்கள் அப்பச்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அது பழைய கதை.

1790 சட்டத்தில் குடியுரிமை 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டும். 1882ல் சீனத் தொழிலாளர்களுக்குத் தடை. 1917ல் இந்தியாவையும் சேர்த்து ஆசியாவில் பெரும்பகுதிக்குத் தடை. 1924ல் நாட்டுவாரி ஒதுக்கீடு, அதுவும் 1890 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, ஏனென்றால் பிந்தைய கணக்கை எடுத்தால் இத்தாலிக்காரரும் யூதரும் அதிகம் வந்துவிடுவார்கள். இது அப்பட்டமான இனக்கணக்கு, மறைக்கவே இல்லை.

பகத் சிங் திண்ட் வழக்கைத் தேடிப் படியுங்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்து, குடியுரிமை கேட்ட பஞ்சாபிக்காரர். 1922 நவம்பரில், அதேபோல் குடியுரிமை கேட்ட ஒசாவா என்ற ஜப்பானியரிடம் 'வெள்ளையர் என்றால் காகேசியர்' என்று சொன்ன உச்ச நீதிமன்றம், மூன்றே மாதத்தில் திண்ட் வந்து 'நான் காகேசியன்தானே' என்றதும், அறிவியல் கிடக்கட்டும், சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று திருப்பிவிட்டது. அப்புறம் ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் பறித்தார்கள். இதில் நம் பக்கத்து அசிங்கமும் ஒன்று உண்டு. திண்ட் தரப்பு வாதத்தில் 'ஆரியர், உயர்சாதி' என்பதும் ஒரு தகுதியாக வைக்கப்பட்டது. கதவைத் திற என்று கேட்கவில்லை, எனக்கு மட்டும் திற என்று கேட்டார்கள்.

1946ல்தான் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்று விட்டார்கள். 1965ல் இன ஒதுக்கீடு போனது. அந்தச் சட்டத்தில் திறமையைவிடச் சொந்தபந்தத்துக்கு அதிக இடம் கொடுத்ததே, ஏற்கெனவே அங்கே இருக்கும் ஐரோப்பியரின் உறவுக்காரர்கள்தான் வருவார்கள் என்று சிலர் நம்பியதால். வந்ததோ ஆசியாவும் லத்தீன் அமெரிக்காவும். இப்போது அதே சொந்தபந்த வரிசையைத்தான் 'திறமை இல்லாதவர்கள் வரும் வழி' என்று திட்டுகிறார்கள்.

புதுவயல் ரைஸ்மில்:

இங்கே இடஒதுக்கீடு என்றால் 'மெரிட் செத்துப்போச்சு' என்று வாட்ஸப்பில் ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள்தான் அங்கே போய் பாகுபாடு, பாகுபாடு என்று கத்துகிறார்கள். வேடிக்கை. தம்பியைச் சொல்லவில்லை.

மெரிட் என்கிறீர்களே, எச்-1பியே பல வருடமாகக் குலுக்கல்தானே. 65,000, அங்கே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டு உருட்டினார்கள். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டு என்றார்கள். அது தகுதியா, பணமா? அதே வருடம் அகதிகள் எண்ணிக்கையை 7,500 ஆகக் குறைத்து, அதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்க வெள்ளையருக்கு என்று அறிவித்தார்கள். ஆகவே இனக்கணக்கு பழைய கதை என்று ரங்கூன் வளவு அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஈப்போ மருமகள்:

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

என் மாமனார் மலேசியாவில் ஈப்போவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அத்தைக்குத் தலைப்பிரசவம், வழக்கப்படி தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள், மூத்தவர் தேவகோட்டையில் பிறந்தார். இரண்டாவது பிரசவத்துக்கு அவ்வளவு தூரம் எதற்கு என்று அங்கேயே இருந்துவிட்டார், என் வீட்டுக்காரர் ஈப்போ ஆஸ்பத்திரியில் பிறந்தார். இருவரும் ஊருக்குத் திரும்பி ஒரே பள்ளிக்கூடம், ஒரே காலேஜ். மார்க் மூத்தவருக்குத்தான் அதிகம், இதை என் வீட்டுக்காரரே சொல்வார். இருவரும் அமெரிக்காவில். இவருக்கு மலேசியக் கணக்கில் கார்டு வந்தது. நானும் இவர் கணக்கிலேயே வாங்கினேன், நான் பிறந்தது கண்டனூர். மூத்தவர் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எச்-1பியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். அந்த மலாய் பிறப்புச் சான்றிதழை அத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார், நகைக்குக்கூட அவ்வளவு பத்திரம் கிடையாது.

செக்காலை ரோடு, உங்கள் அண்ணி எங்கே பிறந்தார் என்று முதலில் கேளுங்கள். கணவனோ மனைவியோ, யார் பிறந்த நாட்டின் வரிசையிலும் போகலாம். கூடப் பிறந்தவர் கணக்கு செல்லாது. நம் பக்கத்தில் மலேசியா, பர்மா, கொழும்பு என்று பிறந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள், பலருக்கு இந்த விதி தெரியவே தெரியாது.

ரங்கூன் வளவு:

புதுவயல், அகதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கிரீன் கார்டு வரிசையைத்தான் நான் சொன்னேன்.

இன்னொன்று. திறமையாக வேலை பார்த்தால் அந்த ஊர் நம்மை வைத்துக்கொள்ளும் என்பது எங்கள் ஐயா காலத்து நம்பிக்கை. பர்மாவில் நம்மவர்களுக்குத் திறமைக்கா குறைச்சல்? 1930களில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் கைமாறிய நிலத்தோடு சேர்த்து, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. உழுதவனுக்கு அது திறமையாகத் தெரிந்திருக்குமா? 1960களில் கப்பலில் திரும்பியவர்கள் கையில் பெட்டிகூட இல்லை.

செக்காலை ரோடு:

அண்ணி ராயவரம். அண்ணியின் அம்மாதான் கொழும்பில் பிறந்தவர், அது செல்லாது என்று கோவிலூரான் தனிச்செய்தியில் சொல்லிவிட்டார்.

இப்போது கவலை அண்ணன் மகன் பற்றி. இங்கே பிறந்து சின்ன வயதில் போனவன், 19 முடியப்போகிறது. தங்கை டல்லாஸில் பிறந்ததால் அவளுக்குப் பிரச்சினை இல்லை. 21 வயதுக்குள் கிரீன் கார்டு வரிசையில் அண்ணன் தேதி வரவில்லை என்றால் இவன், எச்-1பிக்காரர் குடும்பத்துக்கான எச்-4லிருந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டுமாம். எவ்வளவு மாதம் முன்னால் போட வேண்டும், அங்கே இருந்தபடியே மாறலாமா, ஊருக்கு வந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் வாங்கிப் போவது நல்லதா? செய்தவர்கள் யாராவது எழுதுங்கள்.