"மைண்ட்"டுக்குப் பிறகு "மீ"யா, "மை"யா? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு. போன வாரத் தேர்வில் கோடிட்ட இடம் ஒன்று: "டூ யூ மைண்ட் ___ ஓப்பனிங் த விண்டோ?" இவள் "மீ" என்று எழுத, சிவப்பு மையில் அடித்து மேலே "மை" என்று திருத்தியிருக்கிறார்கள். ஆங்கிலப் படங்களில் "மீ" என்றுதானே பேசுகிறார்கள் என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மார்க் போனதைவிடக் காரணம் புரியாததுதான் அவளுக்கு வருத்தம்.

பதில் 1:
"இங்" வந்தால் முன்னால் மை, ஹிஸ், யுவர். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

பதில் 2:
அந்தக் குறுக்குவழியைக் குழந்தைக்குச் சொல்லிவிடாதீர்கள். "ஐ சா ஹிம் க்ராசிங் த ரோடு" என்பதில் "ஹிஸ்" போட்டால் தப்பு. "ஹி கெப்ட் மீ வெயிட்டிங்" என்பதிலும் "மை" வரவே வராது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் சோதனை இது. "இங்" சொல்லையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும். "ஐ சா ஹிம்": அவனைப் பார்த்தேன், பொருள் கெடவில்லை. அங்கே "ஹிம்"தான். இப்போது "டூ யூ மைண்ட் மீ?" என்று படியுங்கள். நான் இருப்பதே உங்களுக்குத் தொந்தரவா என்று ஆகிவிடுகிறது. கேட்க வந்தது ஜன்னலைத் திறப்பதைப் பற்றி. அந்தத் திறத்தல் இங்கே பெயர்ச்சொல் மாதிரி நிற்கிறது, அதனால் "மை".

உங்கள் மகளுக்கு "மீ" வந்ததில் ஆச்சரியமே இல்லை. தமிழில் "நான் திறப்பது" என்போம், "என்னுடைய திறப்பது" என்று யாரும் சொல்வதில்லை. "வருகை" என்றால் மட்டும் "என் வருகை" என்கிறோம். ஆங்கிலத்தில் "மை கமிங்" இந்த "என் வருகை" மாதிரி என்று சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வாள்.

அப்புறம், அவள் காதில் விழுந்ததும் பொய்யில்லை. பேச்சில் "மீ" சகஜம், இன்றைய இலக்கண நூல்கள் அதைப் பிழை என்பதில்லை. 1926-இல் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி எழுதிய ஃபவுலர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அப்போதே டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன் அவரை மறுத்து எழுதினார். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் "மை" எழுதுவது பாதுகாப்பு. வாக்கியத் தொடக்கத்தில் என்றால் கட்டாயம் அதுதான் நல்லது: "ஹிஸ் கமிங் லேட் அப்செட் அஸ்."

பதில் 3:
ஆள் அல்லாத பொருளுக்கு இந்த "மை", "ஹிஸ்" மாதிரி உடைமை வடிவத்தை இழுக்க வேண்டாம். "நோ ஹோப் ஆஃப் த ரெயின் ஸ்டாப்பிங்" என்றுதான் இயல்பாக வரும். "ஹர்" வந்தால் குழப்பமே கிடையாது, "அவளை", "அவளுடைய" இரண்டுக்கும் ஒரே சொல்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். கையால் மறைக்கும் சோதனையை உடனே செய்யச் சொன்னேன். அதே தாளில் "ஐ ஹேர்ட் ___ க்ரையிங்" என்று இன்னொரு கேள்வி இருந்தது. அதில் சரியாக "ஹிம்" எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். திருத்தம் வந்த பிறகு அதுவும் தப்போ என்று பயந்து, வீட்டு நோட்டில் "ஹிஸ்" என்று மாற்றி வைத்திருக்கிறாள். இப்போது அவளே அழித்துவிட்டு மறுபடி "ஹிம்" எழுதினாள்.