வவுனியா போஃபோர்ட் விமானங்கள்: டோர்பிடோ போட ஏன் அவ்வளவு தாழப் பறந்தவை?

குளக்கட்டு:
வணக்கம். இரண்டாம் உலகப் போர் நேரம் வவுனியா ஓடுபாதையில பிரிட்டிஷ் விமானப்படையின்ர 22ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் படையணி) போஃபோர்ட் விமானங்களோட நிண்டது. அது குண்டுவீச்சு விமானந்தானே? பிறகேன் கடலோட ஒட்டிப் பறந்து டோர்பிடோ (தண்ணிக்குக் கீழ ஓடிப்போய்க் கப்பலில வெடிக்கிற ஆயுதம்) போடப் பழக்கினவை? உயரத்தில நிண்டு குண்டைப் போட்டால் விமானிக்கு ஆபத்துக் குறைவெல்லோ? தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

பாலைமரம்:
உயரத்தில நிண்டு போட்டது எங்கட கடலிலயே நடந்திருக்கு. 1942 ஏப்ரல் 9, திருகோணமலையில குண்டு விழுந்த அதே நாள், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில இருந்து கிளம்பின 11ஆவது ஸ்குவாட்ரனின்ர 9 பிளென்ஹைம் விமானங்கள் ஏறக்குறைய 11,000 அடியில இருந்து ஜப்பானியரின்ர அகாகி விமானந்தாங்கிக் கப்பலுக்குக் குண்டு போட்டவை. ஒண்டும் படேல்லை. 5 விமானங்கள் திரும்பி வரேல்லை. அந்த உயரத்தில இருந்து குண்டு கீழ வர 25 விநாடிக்கு மேல செல்லும். மணிக்கு 25 கடல்மைல் ஓடுற கப்பல் அதுக்குள்ள 300 மீற்றர் விலகிப்போடும்.

டோர்பிடோ வேற மாதிரி. எடை 700 கிலோ அளவில, விட்டம் 45 சதம மீற்றர். தண்ணிக்குக் கீழ போய் அடிக்கிறதால கப்பலுக்குள்ள கடல் புகும். ஆனால் அதுக்குள்ள நுணுக்கமான இயந்திரம் இருக்கு, கண்டபடி போட ஏலாது. போடேக்க விமானத்தின்ர உயரம் 60–80 அடி, வேகம் மணிக்கு 140 கடல்மைல் அளவில, கப்பலுக்குத் தூரம் ஏறக்குறைய 900 மீற்றர். செட்டை சரியாமல், மூக்கு ஏறி இறங்காமல், நேரா நிக்கவேணும். கூட உயரத்தில விட்டால் ஆழத்துக்குப் போயிடும், இல்லாட்டி அடிபட்டு உடையும். மிகத் தாழ விட்டால் தண்ணியில பட்டுத் துள்ளித் திசை மாறும். காற்றில நேராப் போக வாலில மரச் செட்டை பூட்டியிருக்கும், தண்ணியில பட்டதும் அது கழண்டுபோகும்.

அந்த நேராப் பறக்கிற நேரந்தான் விமானிக்கு நரகம். கப்பலில இருக்கிற பீரங்கி எல்லாம் பார்த்திருக்க, அவர் வளைஞ்சு தப்ப ஏலாது.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. கப்பல் ஓடிக்கொண்டிருக்கே, எங்க குறிவைக்கிறது?

கடலோடி:
கப்பலுக்கு முன்னால. டோர்பிடோ மணிக்கு 40 கடல்மைல் ஓடும், 900 மீற்றருக்கு 44 விநாடி. கப்பல் 20 கடல்மைல் ஓடினால் அதே நேரத்தில 450 மீற்றர் போயிடும். கப்பலின்ர வேகத்தையும் போற திசையையும் விமானி கண்ணாலதான் மதிக்கவேணும். கப்பல் கப்டன் டோர்பிடோ வாற திசைக்கே மூக்கைத் திருப்பினால் இலக்கு ஒடுங்கிப்போகும். அதாலதான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில வருவினம். ஒரு பக்கத்துக்குத் திரும்பினால் மற்றப் பக்கத்துக்கு விலா தெரியும்.

இன்னொண்டு: காற்றில்லாத விடியப்புறம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அப்ப உயரம் பிடிபடாது. போட்ட பிறகு பாரம் குறைஞ்சிட்டுதெண்டு உடன மேல இழுத்தால் முழு வயிறும் துப்பாக்கிக்குத் தெரியும். தாழவே நிண்டு வெட்டி வெட்டி விலகவேணும்.

பாலைமரம்:
இதே 22ஆவது ஸ்குவாட்ரன் இலங்கைக்கு வர முன்னம், 1941 ஏப்ரல் 6, பிரான்சின்ர பிரெஸ்ட் துறைமுகத்துக்குள்ள கெனத் கேம்பல் தனி போஃபோர்ட்டில புகுந்து ஜெர்மன் போர்க்கப்பல் க்னைசனோவில டோர்பிடோ போட்டவர். கப்பல் பல மாதம் கடலுக்குப் போகேல்லை. விமானத்தில இருந்த நாலு பேரும் அங்கயே இறந்தவை.