சில்வர் ஓக் நிழல் மரமா?

கவாத்துக்கத்தி:
"அத்தி, பலாவை வெட்டிவிட்டு சில்வர் ஓக் மட்டும் வையுங்கள், அதுவும் நிழல்தான், காப்பி கூடுதலாகவே காய்க்கும்" என்று நேர்மரம் என்பவர் இங்கே நேற்று எழுதியிருக்கிறார். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் இதை நம்பி இறங்கிவிடக் கூடாது. சில்வர் ஓக் நிழல் மரமே இல்லை. ஒல்லியாக மேலே போகும் மரம், கிழித்துவிட்ட மாதிரி இலை. உச்சி வெயில் அப்படியே இறங்கி அராபிகா வகைக் காப்பிச் செடியின் தண்டில் விழும். வெயில் பட்ட தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு தேடி வரும். பட்டை வெடிப்பில் முட்டை, பத்து நாளில் புழு. இரண்டு மாதம் பட்டையைத் தின்றுவிட்டுக் கட்டைக்குள் போய்விடும். தண்டைச் சுற்றி வரப்பு மாதிரிப் புடைப்பு தெரியும்போது செடி கையை விட்டுப் போயிருக்கும்.

நேர்மரம்:
சில்வர் ஓக்கும் மரம்தானே? அதற்கும் நிழல் விழும்தானே? நெருக்கி நட்டால் போதும், மிளகுக்கொடியும் நேராக ஏறும். உங்கள் அத்தியும் பலாவும் அடைத்துக்கொண்டு நின்றால் அடைமழையில் காப்பிச் செடிக்குக் கருப்பு அழுகல் நோய் வரும். இலை கறுத்து, பூசண நூலில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதை மட்டும் சொல்ல மாட்டீர்களே! துளைப்பானுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ கரைத்து, தண்டிலும் தடித்த கிளையிலும் அடித்தால் தீர்ந்தது.

கவாத்துக்கத்தி:
தீராது. வண்டு பறப்பது ஏப்ரல், மே. மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கு முன்னால் அடித்திருக்க வேண்டும். அடித்த சுண்ணாம்பை மழை கழுவினால் மறுபடி வெறும் தண்டு. வெடித்த பட்டையைத் தேய்த்து எடுப்பதும் முக்கியம். அதற்குத் தேங்காய் நார்க் கையுறைதான் சரி. கத்தியால் சுரண்டினால் பச்சைப் பட்டை காயப்படும். இத்தனையும் செய்தாலும் மேலே நிழல் இல்லையென்றால் வருடா வருடம் செடி பிடுங்கி எரிப்பதுதான் வேலை.

கருப்பு அழுகலுக்கு மரத்தை வெட்டுவதா வைத்தியம்? மழைக்கு முன் கிளை கழிக்க வேண்டும், செடியின் நடுவைத் திறந்துவிட வேண்டும். நிழல் என்றால் இரண்டு அடுக்கு. கீழே முள்முருங்கை: 6 அடிப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை), பருவமழை தொடங்கும்போது, இரண்டு காப்பிச் செடிக்கு ஒன்று. மேலே அத்தி, பலா. வளர்ந்தபின் 12 முதல் 14 மீட்டர் இடைவெளிக்குக் கலைத்துவிட வேண்டும். இதில் சில்வர் ஓக் எங்கே வருகிறது?

பூமழை:
போத்து நடச் சொல்கிறீர்கள், எந்த முள்முருங்கை என்று சொல்லவில்லையே. காப்பிக்குப் பெரும்பாலும் வைப்பது முள் இல்லாத வகை. கல்யாண முருங்கை வேறு, அது கோடையில் மொட்டையாக நிற்கும். இலையில் முடிச்சுப் போடும் குளவியும் அதற்கு வரும்.

கவாத்துக்கத்தி:
தோட்டத்தில் எல்லாரும் முள்முருங்கை என்றுதான் சொல்கிறார்கள். பெயரைத் திருத்த வந்த நேரத்தில் சில்வர் ஓக் நிழல் மரமா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். போன மாதம் உரக் கணக்கிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து கலைத்தீர்கள்.

பூமழை:
கணக்குத் தப்பு என்றால் தப்பு என்றுதான் சொல்வேன். கோடையில் நிழல் தராத வகையை நட்டுவிட்டு யாரைக் குறை சொல்வது?

ரோபஸ்டாக்காரன்:
அராபிகாவைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ரோபஸ்டா என்ற காப்பி வகையை இந்தப் பூச்சி சீண்டாது, நிழலும் குறைவாகப் போதும். பிரேசிலில் திறந்த வெயிலில்தான் வளர்க்கிறார்கள்.

கவாத்துக்கத்தி:
பிரேசிலில் இந்தத் துளைப்பான் கிடையாது, இது ஆசியப் பூச்சி. அங்கே பல இடத்தில் சமவெளி, இயந்திர அறுவடை. திறந்த வெயிலில் செடி ஒரு வருடம் கொள்ளாமல் காய்க்கும், உரம் ஈடுகொடுக்காவிட்டால் கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். அராபிகாவே எத்தியோப்பியக் காட்டில் பெரிய மரத்தடியில் முளைத்த செடி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம், அதற்குக் காப்பியைப் பற்றி என்ன தெரியும்?

நேர்மரம்:
மரத்துக்குக் காப்பி தெரிய வேண்டுமா? நல்ல வாதம்! எத்தியோப்பியாவிலிருந்து வந்த காப்பியை ஏற்றுக்கொள்வீர்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் ஆகாதா? சில்வர் ஓக்கும் மரம்தானே, அதைச் சொல்லுங்கள்.

பூமழை:
அதன் சருகு சீக்கிரம் மட்காது என்பதை யாருமே எழுதவில்லை. முள்முருங்கை இலை விழுந்தால் மண்ணுக்குத் தழைச்சத்து.

நேர்மரம்:
மண்ணைச் சருகால் மூடிவைக்கும் மூடாக்குக்கு மட்காத சருகுதான் நல்லது.

கவாத்துக்கத்தி:
சருகுக்குத் தாவ வேண்டாம். உச்சிவேளையில் சில்வர் ஓக் அடியில் நிற்கிற அராபிகாவின் தண்டில் வெயில் படுகிறதா, இல்லையா? ஒரே வார்த்தை போதும்.

நேர்மரம்:
மரம்தானே என்று நான் முதலில் கேட்டேன். அதற்கு ஒரே வார்த்தை நீங்கள் சொல்லுங்கள்.