சி.இ.ஓ. நாற்காலியைப் பார்ட்னருக்குக் கொடுத்துவிடட்டுமா?

பம்பு_பேனல் கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. இந்த வாரத்துக்குள் ஒருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் ஒரு பெண், மின் பொறியாளர். பெரிய பம்புகளுக்கான கன்ட்ரோல் பேனல் செய்கிறோம். தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினாலோ, ஒரு ஃபேஸ் போய்விட்டாலோ, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகுவதற்கு முன் எங்கள் பேனல் அதை நிறுத்திவிடும். என்ன கோளாறு என்று பராமரிப்பவரின் போனுக்குச் செய்தியும் போகும். முதல் சர்க்யூட்டை வரைந்தது நான். முதல் பத்துப் பேனல்களுக்கு ஒயரிங் செய்ததும் நான்தான். தொடங்கி நான்கு வருடம் ஆகிறது, 11 பேர் வேலை செய்கிறார்கள். பங்கில் 60 சதவீதம் என்னுடையது, 40 என் பார்ட்னருடையது. முன்பு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். விற்பனை முழுக்க அவர் பொறுப்பு. நேர்மையான மனிதர்.

நான்கு மாதமாக முதலீடு தேடுகிறோம். இதுவரை ஆறு சந்திப்புகள். ஆறிலும் ஒரே மாதிரி நடந்தது. என் கார்டை வாங்கிப் படிப்பார்கள். என் பெயருக்குக் கீழே சி.இ.ஓ., அதாவது தலைமைச் செயல் அதிகாரி என்று இருக்கும். படித்துவிட்டு நிமிர்ந்து, முதல் கேள்வியை அவரிடம் கேட்பார்கள். மோட்டாரை நிறுத்தும் ரிலே எத்தனை விநாடி கழித்து டிரிப் ஆகும் என்பது போன்ற கேள்வியும் அவரிடம்தான் போகும். "அதை இவங்க சொல்லுவாங்க" என்பார். நான் சொல்வேன். அடுத்த கேள்வி திரும்பவும் அவரிடமே போகும்.

போன வாரம் ஒரு முதலீட்டாளர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். பொருள் பிடித்திருக்கிறதாம். ஆனால் கம்பெனியின் முகமாக அவர் இருந்தால் மற்ற முதலீட்டாளர்களையும் சேர்ப்பது சுலபம், நான் தொழில்நுட்பத் தலைவராக இருந்துகொள்ளலாம், பதவிப் பெயர்தானே என்றாராம். பார்ட்னர் அன்று மாலையே ஒளிக்காமல் என்னிடம் சொன்னார். "நீங்க என்ன முடிவு பண்றீங்களோ அதுதான்" என்றும் சொன்னார்.

பணம் தேவை. உதிரிபாகங்களை முன்பணம் கட்டித்தான் வாங்குகிறோம், கையில் உள்ள ஆர்டர்களைத் தாண்டி வளர வேறு வழி தெரியவில்லை. பெயர்தானே என்று விட்டுக்கொடுக்கலாமா, இல்லை பெயரோடு வேறு எதுவும் போய்விடுமா? இந்த இடத்தில் நின்றவர்கள் சொல்லுங்கள்.

---

இரண்டாம்_தளம்:

கொடுக்காதீர்கள். கொடுத்தவள் நான், அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

மருத்துவமனைகளில் மருந்து இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருள் எங்களுடையது. என்னிடம் 52 சதவீதம் இருந்தது. என்னிடமும் "பெயர்தானே" என்ற அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். முதல் மாதம் எதுவும் மாறவில்லை. இரண்டாம் மாதம் கணக்காளரின் மின்னஞ்சல் பார்ட்னருக்குப் போனது, எனக்கு நகல் வந்தது. நான்காம் மாதம் அந்த நகலும் நின்றது. யாரும் திட்டமிட்டு நிறுத்தவில்லை. சி.இ.ஓ.வுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று கணக்காளர் நினைத்தார், அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் அலுவலகத்தில் புது முகம் ஒன்றைப் பார்த்தேன். ஆள் எடுத்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

இதெல்லாம் மனவருத்தம், விடுங்கள். உண்மையான அடி அடுத்த முதலீட்டுச் சுற்றில் விழுந்தது. இயக்குநர் குழுவில் மூன்று இருக்கைகள் என்று ஒப்பந்தம் போட்டார்கள்: சி.இ.ஓ.வுக்கு ஒன்று, நிறுவனர்களுக்குப் பொதுவாக ஒன்று, முதலீட்டாளருக்கு ஒன்று. சி.இ.ஓ. என்பதால் அவருக்கு ஓர் இருக்கை தானாகவே கிடைத்தது. எனக்கு நிறுவனர் இருக்கை. புதிய பங்குகள் வெளியிட்டதில் என் பங்கு 38-க்கு இறங்கியிருந்தது. சின்ன மருத்துவமனைகளை விட்டுவிட்டுப் பெரிய இடங்களுக்கு மட்டும் விற்கலாம் என்று தீர்மானம் வந்தது. நான் எதிர்த்தேன். இரண்டுக்கு ஒன்று. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மூன்றாவது வருடம் வசூல் நின்று சம்பளம் ஒன்றரை மாதம் தள்ளிப்போனபோது, "நீங்களே சி.இ.ஓ.வாக வாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் மிஷெல் ரயனும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2005-இல் எழுதினார்கள். ஏற்கெனவே சரிவில் இருக்கும் நிறுவனங்களில்தான் இயக்குநர் குழுவுக்குப் பெண்களைக் கொண்டுவருவது அதிகம் என்று பெரிய கம்பெனிகளின் பங்கு விலைகளை வைத்துக் காட்டினார்கள். விழும் அபாயம் உள்ள இடம் என்பதால் அதைக் கண்ணாடி மலைமுகடு என்றார்கள். நான் அந்த முகட்டில் ஏறி நின்றேன். ஒன்பது மாதம் தூங்கவில்லை. கம்பெனி பிழைத்தது. ஆனால் விட்டுப்போன சின்ன மருத்துவமனைகளில் பாதி திரும்பி வரவில்லை.

என் பார்ட்னரும் நல்லவர்தான். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் போன் அவருக்குத்தான் வரும், கெட்ட செய்தியும் முதலில் அவருக்குத்தான் வரும். முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டுவிடும்.

---

கடன்_பிரிவு:

சகோதரி, நான் மேசையின் அந்தப் பக்கம் 22 வருடம் உட்கார்ந்திருந்தவன். தொழில் கடன் பரிசீலனைக் குழுவில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடன் கேட்டு வந்த பெண்களிடம், கணவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்டிருக்கிறேன். ஓர் ஆணிடம் அவர் மனைவியைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. குறிப்பு எழுதும்போதும் அப்படித்தான். ஆண் வந்தால் "விரிவாக்கத்துக்கு வாய்ப்பு எப்படி" என்று தொடங்குவேன், பெண் வந்தால் "ஈடு போதுமா" என்று தொடங்குவேன். இதை எழுதும்போது மனது உறுத்துகிறது.

இது என் ஒருவனின் பழக்கம் இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். டானா கான்ஸும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க்கில் நடந்த ஒரு தொழில்முனைவோர் போட்டியின் பதிவுகளை எடுத்து, முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களிடம் கேட்டதில் 67 சதவீதம் எவ்வளவு ஜெயிப்பீர்கள், எவ்வளவு வளர்வீர்கள் என்ற வகை. பெண்களிடம் கேட்டதில் 66 சதவீதம் தோற்காமல் எப்படித் தாக்குப்பிடிப்பீர்கள் என்ற வகை. கேட்டவர்களில் பெண் முதலீட்டாளர்களும் இருந்தார்கள், அவர்களும் அப்படியேதான் கேட்டார்கள். எந்த வகைக் கேள்வி அதிகம் வந்ததோ அதைப் பொறுத்துப் பின்னால் திரட்டிய பணத்தில் ஏழு மடங்கு வித்தியாசம் இருந்தது.

உங்களுக்குப் பயன்படும் விஷயம் அந்த ஆய்வில் இன்னொன்று உண்டு. தற்காப்புக் கேள்விக்குத் தற்காப்பாகவே பதில் சொன்னவர்களைவிட, அதை வளர்ச்சி பக்கம் திருப்பியவர்கள் பல மடங்கு அதிகமாகத் திரட்டினார்கள். "பெரிய கம்பெனி இதையே மலிவாகச் செய்தால் என்ன செய்வீர்கள்?" என்று உங்களிடம் கேட்டிருப்பார்கள். தாக்குப்பிடிப்போம் என்று விளக்க ஆரம்பித்தால் அந்தக் குழியிலேயே பத்து நிமிடம் போய்விடும். ஆபத்தை மறைக்க வேண்டாம். ஒரே வரியில், ஒரு எண்ணோடு சொல்லிவிடுங்கள். உடனே உங்கள் பேனல்கள் நான்கு வருடமாக அனுப்பிய கோளாறுச் செய்திகளுக்கு வாருங்கள். எந்த மோட்டார் எப்போது கருகும் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வருபவருக்கு அது தெரிய நான்கு வருடம் ஆகும். அதை வைத்து அடுத்து என்ன விற்கப் போகிறீர்கள் என்பதுதான் உங்கள் பதிலாக இருக்க வேண்டும்.

---

முன்வாசல்:

இரண்டாம்_தளம் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். ஆனாலும் பார்ட்னரை முன்னால் அனுப்பவே கூடாது என்பதில்லை. எந்த இடம் வரை அனுப்புகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டெஃபனி ஷெர்லி 1962-இல் பிரிட்டனில் மென்பொருள் கம்பெனி தொடங்கினார். குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களை வீட்டிலிருந்தே நிரல் எழுத வைத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான நிரலும் அவர்கள் எழுதியதுதான். தொடக்கத்தில் ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டு அவர் அனுப்பிய வணிகக் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி "ஸ்டீவ்" என்று கையெழுத்திட்டு அனுப்பினார். பதில்கள் வர ஆரம்பித்தன. கதவைத் திறந்தது ஸ்டீவ். உள்ளே போய் உட்கார்ந்தது ஸ்டெஃபனி. நாற்காலி ஒரு நாளும் ஸ்டீவுக்குப் போகவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2017-இல், விட்ச்சி என்ற இணையக் கடையின் இரண்டு பெண் நிறுவனர்களும் கீத் மான் என்ற இல்லாத ஓர் ஆணின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பித்தான் வெளியாட்களிடம் வேலை வாங்கியதாகச் சொன்னார்கள். இன்னும் இப்படி இருப்பது எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் உங்களுக்கு இந்த வாரம் பணம் வேண்டும்.

அதனால் சந்திப்பு கேட்பது, தேதி குறிப்பது, முதல் போன் எல்லாம் பார்ட்னர் செய்யட்டும். அறைக்குள் போனதும் அவர் பேசுவதை நிறுத்திவிட வேண்டும். "இவங்க சொல்லுவாங்க" என்று சொல்வதும் ஒரு பதில்தான். அதைச் சொல்வதால்தான் அடுத்த கேள்வியும் அவரிடமே போகிறது. கேள்வி வந்ததும் அவர் தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தால் போதும். கேட்டவரின் பார்வையும் உங்களிடம் வந்துவிடும். நாங்கள் இதை இரண்டு மாலை உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். முதலில் என் பார்ட்னருக்குச் சங்கடமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

---

பம்பு_பேனல்:

மூவருக்கும் நன்றி. இரண்டாம்_தளம், உங்கள் பதிவை அப்படியே பார்ட்னருக்கு அனுப்பினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. ஒரு கேள்வி. கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், எதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்?

---

இரண்டாம்_தளம்:

குழுவில் உங்கள் இருக்கை பதவியோடு ஒட்டியிருக்கக் கூடாது, உங்கள் பெயரோடு இருக்க வேண்டும். புதிய பங்கு வெளியிடுவது, கடன் வாங்குவது, பொருளின் வடிவமைப்பை விற்பது, உயர்பொறுப்பில் ஆள் எடுப்பது, இதற்கெல்லாம் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. மாதக் கணக்கு இருவருக்கும் ஒரே நாளில் வர வேண்டும். நான் எதையும் எழுதி வாங்கவில்லை. நட்பு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்த முதலீட்டாளரிடம், உங்களை மாற்றச் சொல்வதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் உங்கள் பார்ட்னரிடம் சொன்னதை உங்களுக்கே மின்னஞ்சலில் எழுதட்டும்.

---

பம்பு_பேனல்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

காரணத்தை எழுத்தில் கேட்டேன். "அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று இரண்டு வரி வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. அந்தக் கதவு மூடிவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க வருத்தமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், தப்புச் செய்துவிட்டோமோ என்று பயமாகவும் இருந்தது.

நேற்று இன்னொரு இடத்தில் சந்திப்பு. மூன்று பேர், அதில் ஒருவர் பெண். போவதற்கு முன்னால் முன்வாசல் சொன்னபடி ஒத்திகை பார்த்தோம். பார்ட்னர் கையில் பேனாவும் நோட்டும் மட்டும். முதல் கேள்வி அவரிடம்தான் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். இரண்டாவதும் அப்படியே. நான்காவது கேள்வியில் இருந்து மூவரும் என்னைப் பார்த்துக் கேட்டார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடன்_பிரிவு சொன்ன கேள்வியைக் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் அந்தப் பெண்தான் கேட்டார். ஆபத்து இருக்கிறது, எங்கள் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே பெரிய கம்பெனியிடம் விலை கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பிறகு கோளாறுப் பதிவுகளைத் திறந்து காட்டினேன். காயில் கருகுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே கரன்ட் ஏறி இறங்குவது வரைபடத்தில் தெரியும். அதை வைத்து முன்கூட்டியே எச்சரிக்கும் சேவையை விற்கப் போகிறோம் என்றேன். இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினார்கள். கடைசியில், கடந்த 18 மாதங்களில் களத்தில் வந்த எல்லாக் கோளாறுகளின் பட்டியலையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பணம் தருவதாக இன்னும் யாரும் சொல்லவில்லை.

பட்டியலை நான்தான் தயாரிக்கிறேன், என் கையெழுத்தில்தான் போகும். கடன்_பிரிவு ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 18 மாதங்களில் அனுப்பியவற்றில் 6 பேனல்கள் எங்கள் தவறால் திரும்பி வந்தன. மூடியின் ரப்பர் சரியில்லாமல் உள்ளே ஈரம் போய்விட்டது. ரப்பரை மாற்றிய பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை. அந்த ஆறையும் முதல் பக்கத்தில் வைக்கட்டுமா, பின்னால் வைக்கட்டுமா?

---

கடன்_பிரிவு:

முதல் பக்கத்திலேயே வையுங்கள், ரப்பர் மாற்றிய தேதியோடு.