வேலூர்ல திருடு போன பைக் ஆந்திராவுல மாட்டினா இங்க தகவல் வருமா?

கேள்வி: போன மாசம் பைக் திருடு போச்சு, எஃப்ஐஆர் போட்டாச்சு, ஆனா சித்தூர் பக்கம் கொண்டு போயிருப்பாங்கன்னு சொல்றாங்க. அங்க போலீஸ் பிடிச்சா நம்ம ஸ்டேஷனுக்கு தெரியுமாங்க?

பதில் 1: தெரியணும்ங்க. நாடு முழுக்க ஸ்டேஷன்களை ஒரே நெட்வொர்க்ல இணைக்கத்தான் 2009ல சிசிடிஎன்எஸ் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தாங்க, எஃப்ஐஆர் விவரமெல்லாம் அதுல ஏறும். இன்ஜின் நம்பர் சேஸிஸ் நம்பர் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க, ஒரு எழுத்து மாறினாலும் தேடும்போது சிக்காது.

பதில் 2: எனக்கு அதேதான் ஆச்சு. எட்டு மாசம் என் வண்டி வேற மாவட்டத்துல ஸ்டேஷன் வாசல்லயே வெயில்ல கிடந்துச்சு, நம்பர் தப்பா ஏத்தியிருந்தாங்க, மனசே விட்டுப்போச்சு.

பதில் 3: சித்தூர் ஸ்டேஷனுக்கும் எஃப்ஐஆர் காப்பியோட ஒரு தடவை நேர்ல போய்ட்டு வாங்க, கம்ப்யூட்டரை மட்டும் நம்பி இருக்காதீங்க.

கேள்வி கேட்டவர்: இப்பதான் ஆர்சி புக்கோட ஒத்துப் பார்த்தேன், ஒரு நம்பர் தப்பு. நாளைக்கே போய் திருத்தச் சொல்றேன், ரொம்ப நன்றிங்க.